முன்பல் விழுந்தால் பல்செட், தூக்கம் வந்தால் சர்க்கரைக் குச்சி: அமெரிக்கக் குழந்தை அழகிப் போட்டிகளில் என்னதான் நடக்கிறது?

மேடையில் நிற்பது ஆறு வயதுச் சிறுமி. தலையில் சவுரி முடி, கண்ணில் ஒட்டு இமை, உடம்பு முழுக்க வெயில் பட்ட நிறம் தரும் ஸ்ப்ரே. விழுந்துபோன பால் பல்லின் இடைவெளி தெரியாமலிருக்க ஒரு பல்செட். நடுவர்களுக்குப் பின்னால் நிற்கும் அம்மா, இடுப்பில் கை வைக்கிறார், திரும்புகிறார், கன்னத்தில் விரல் வைத்துச் சிரிக்கிறார். மேடையில் இருக்கும் சிறுமியும் அதையே அச்சு அசலாகச் செய்கிறாள்.

இந்த மாதிரி ரீல்ஸ் உங்கள் போனிலும் வந்திருக்கும். பெரும்பாலும் அமெரிக்காவின் டி.எல்.சி. சேனலில் வந்த 'டாட்லர்ஸ் அண்ட் டியாராஸ்' தொடரிலிருந்து வெட்டிய துண்டுகள்தான் அவை. பார்த்துச் சிரிப்போம், கமெண்டில் அந்த அம்மாவை நாலு வார்த்தை திட்டுவோம், அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவோம். ஆனால் இந்தப் போட்டிகளுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? சட்டம் ஏன் தடுக்கவில்லை? பெத்தவங்க ஏன் இதைச் செய்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

'கிளிட்ஸ்' வேறு, 'நேச்சுரல்' வேறு

எல்லாக் குழந்தை அழகிப் போட்டிகளும் ஒரே மாதிரி கிடையாது. 'நேச்சுரல்' என்ற வகையில் மேக்கப்புக்குக் கட்டுப்பாடு உண்டு, கோயில் திருவிழாவுக்குப் போவது போன்ற சாதாரண நல்ல உடை போதும். நாம் வீடியோவில் பார்ப்பது 'கிளிட்ஸ்' வகை. ஜிகினா வகை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அமெரிக்காவின் தென் மாநிலங்களான ஜார்ஜியா, டெக்சாஸ், டென்னசி, கென்டக்கி பக்கம் இது அதிகம். பெரும்பாலும் ஊரில் உள்ள ஏதாவது ஒரு ஹோட்டலின் ஹாலை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து நடத்துவார்கள்.

கைக்குழந்தையிலிருந்து தொடங்கி வயது வாரியாகப் பிரிவுகள் இருக்கும். நடக்கத் தெரியாத குழந்தையை அம்மா தூக்கிக்கொண்டு மேடை ஏறுவார். கப் கேக் மாதிரி விரிந்த குட்டைப் பாவாடை போட்டு ஒரு சுற்று, விருப்ப உடையில் ஒரு சுற்று, சில போட்டிகளில் நீச்சல் உடை, சிலவற்றில் பாட்டு, நடனம். ஆண் குழந்தைகளும் கலந்துகொள்கிறார்கள், எண்ணிக்கை குறைவு.

பல்செட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃப்ளிப்பர்'. பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு முன்பல் இல்லாமல் இருப்பதுதானே இயல்பு? குழந்தைக்கான போட்டியில் குழந்தைத்தனத்தின் முதல் அடையாளமே குறையாகக் கணக்கில் வருகிறது. எனக்கு இதில் மேக்கப்பை விட இடறுவது இந்தப் பல்செட்தான்.

கிரீடக் கணக்கு

இதில் ஜெயித்தால் என்ன கிடைக்கும்? கிரீடம், பட்டை, கோப்பை, பொம்மை, சில இடங்களில் ரொக்கம். ஆனால் பெயர் கூப்பிடும் முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஒரு 'குயின்'. அதற்கு மேலே சில 'சுப்ரீம்' பட்டங்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில் 'அல்டிமேட் கிராண்ட் சுப்ரீம்'. உயர்ந்த பட்டத்துக்குத் தேர்வான குழந்தையின் பெயரைக் கீழே உள்ள பட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அதனால் பரிசளிப்பு நேரத்தில் தலைகீழ் வேடிக்கை நடக்கும். குயின் பட்டத்துக்குத் தன் மகளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டால் அம்மாவின் முகம் சுருங்கும். பெயர் வராமல் இருந்தால்தான் நம்பிக்கை. மேடையில் நிற்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது. கையில் கிரீடம் வந்ததும் சந்தோஷமாக ஓடிவரும். ஏன் அம்மா அழுகிறாள் என்று அதற்குத் தெரியாது.

இத்தனை பட்டங்கள் இருப்பதற்கு வியாபாரக் காரணமும் உண்டு. இந்தப் போட்டிகள் பெரிதும் ஓடுவது பெற்றோர் கட்டும் நுழைவுக் கட்டணத்தில்தான். பெரிய போட்டிகளில் அது பல நூறு டாலர் வரை போகும். புகைப்படப் பிரிவுக்குத் தனிக் கட்டணம். பார்வையாளராக உள்ளே வர டிக்கெட். ஆக, ஜெயித்த குழந்தைக்குக் கிடைக்கும் பரிசில் தோற்ற குழந்தைகளின் வீட்டுப் பணமும் இருக்கிறது. யாரும் வெறுங்கையோடு போகாமல் பார்த்துக்கொண்டால்தான் அடுத்த போட்டிக்கும் வருவார்கள்.

கட்டணத்தைத் தாண்டிய செலவு தனி. கையால் கல் பதித்த ஒரு உடை ஆயிரம் டாலரைத் தாண்டும். இன்றைய கணக்கில் நம்ம பணத்தில் 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல். குழந்தை வளர வளர உடை சிறியதாகும், அதனால் பழைய உடைகளை வாங்கி விற்க ஒரு தனிச் சந்தையே இருக்கிறது. நடை சொல்லித்தரும் கோச், மேக்கப் ஆர்ட்டிஸ்ட், ஹோட்டல் ரூம், பெட்ரோல். போட்டியில் அடிக்கடி கலந்துகொள்ளும் குடும்பங்கள் எல்லாம் பணக்காரக் குடும்பங்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

பொருட்காட்சியிலிருந்து வந்த கதை

அமெரிக்காவில் அழகிப் போட்டிக்கு முன்பே குழந்தைப் போட்டி வந்துவிட்டது. 1854-ல் ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் நடந்த 'பேபி ஷோ' பிரபலம். அடுத்த வருடமே, சர்க்கஸ் மன்னன் பி.டி. பார்னம் நியூயார்க்கில் இருந்த தன் அருங்காட்சியகத்தில் டிக்கெட் போட்டுக் குழந்தைகளைக் காட்சிக்கு வைத்தார்.

1911-ல் அயோவா மாநிலப் பொருட்காட்சியில் 'பெட்டர் பேபீஸ்' போட்டி தொடங்கியது. மாடு, பன்றிக்கு மார்க் போடுவது போலவே குழந்தைக்கும் ஒரு மார்க் அட்டை. எடை, உயரம், தலை அளவு எல்லாவற்றுக்கும் புள்ளி. குழந்தை நலனைப் பெற்றோருக்குச் சொல்லித்தருவதுதான் நோக்கம் என்றார்கள். சில ஆண்டுகளிலேயே 'உயர்ந்த வம்சம்' தேடும் இனமேம்பாட்டு இயக்கத்தின் கைக்கு அது போனது. நம்ம ஊரில் சங்கங்களும் கிளப்புகளும் நடத்தும் 'கொழுகொழு குழந்தை' போட்டியைப் பார்த்தவர்களுக்கு இதன் பழைய சாயல் தெரியும்.

மிஸ் அமெரிக்கா போட்டி 1921-ல் அட்லான்டிக் சிட்டியில் பிறந்தது. 1960-களில் நியூ ஜெர்சியின் பாலிசேட்ஸ் பொழுதுபோக்குப் பூங்காவில் 'லிட்டில் மிஸ் அமெரிக்கா' நடந்தது. அதற்குப் பிறகு பெரியவர்கள் போட்டியின் சின்ன வடிவமாகவே குழந்தைப் போட்டியும் மாறிப்போனது.

ஜான்பெனே: ஒரு கொலையும் ஒரு வீடியோவும்

1996 டிசம்பர் 26. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில், ஆறு வயது ஜான்பெனே ராம்ஸி தன் வீட்டின் அடித்தளத்தில் சடலமாகக் கிடந்தாள். வீட்டில் 1,18,000 டாலர் கேட்டு ஒரு மிரட்டல் கடிதம் கிடந்தது. கொலையாளி யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

ஜான்பெனே பல போட்டிகளில் பட்டம் வென்றவள். கொலைச் செய்தியோடு டிவியில் திரும்பத் திரும்ப ஓடியது அவள் லிப்ஸ்டிக் போட்டு மேடையில் ஆடும் வீடியோ. குழந்தை அழகிப் போட்டி என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் பல அமெரிக்கர்களுக்குத் தெரியவந்தது.

அவளுடைய அம்மா பாட்ஸி 1977-ல் மிஸ் வெஸ்ட் வர்ஜீனியா. பாட்ஸியின் தங்கையும் பின்னாளில் அதே பட்டம் வென்றவர். 1993-ல் பாட்ஸிக்கு முற்றிய நிலையில் கருப்பைப் பக்கச் சினைப்பைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சையில் மீண்டு வந்தார். ஆக, இந்த வீட்டில் போட்டி என்பது திடீரென்று வந்த ஆசை இல்லை, குடும்பப் பழக்கம். வேறு ஒரு வீட்டில் அம்மா கற்ற பரதநாட்டியத்தை மகளுக்கும் கற்றுத்தருவது போல என்று கூட ஒருவர் வாதாடலாம்.

டிவி அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. குழந்தையை இப்படி மேடை ஏற்றியவர் கொலையும் செய்திருப்பார் என்ற பாணியில் வருடக்கணக்கில் விவாதம் நடந்தது. 1999-ல் கிராண்ட் ஜூரி பெற்றோர் மீது குழந்தைக் கொடுமை தொடர்பான குற்றச்சாட்டுப் பதிவு செய்ய வாக்களித்தது. ஆதாரம் போதாது என்று மாவட்ட அரசு வழக்கறிஞர் அலெக்ஸ் ஹண்டர் கையெழுத்திட மறுத்துவிட்டார். இந்த விவரம் 2013-ல்தான் வெளியே வந்தது. இதற்கிடையில் 2008-ல், டி.என்.ஏ. சோதனைகளை வைத்து அப்போதைய அரசு வழக்கறிஞர் மேரி லேசி, குடும்பத்தினர் சந்தேகத்துக்கு உரியவர்கள் இல்லை என்று கடிதம் கொடுத்து மன்னிப்பும் கேட்டார். அதைப் படிக்க பாட்ஸி உயிரோடு இல்லை. 2006-ல், 49 வயதில், அதே புற்றுநோயில் இறந்துபோனார்.

கொலைக்கும் போட்டிக்கும் தொடர்பு இருந்ததாக இதுவரை எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் இந்த வழக்கைப் பற்றி ஆவணத் தொடர் வெளியிட்டபோதும், மக்கள் நினைவில் முதலில் வந்து நின்றது அந்த லிப்ஸ்டிக் வீடியோதான்.

டிவிக்குள் போன போட்டி

இவ்வளவு நடந்த பிறகு போட்டிகள் ஓய்ந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? 2009-ல் டி.எல்.சி. 'டாட்லர்ஸ் அண்ட் டியாராஸ்' தொடரைத் தொடங்கியது. ஒவ்வொரு வாரமும் ஒரு போட்டி, சில குடும்பங்கள். தூக்கம் வந்து சிணுங்கும் குழந்தையை உசுப்ப சர்க்கரைத் தூள் அடைத்த குச்சிகள். போட்டித் தாய்மார்கள் அதற்கு வைத்த செல்லப் பெயரே ஒரு போதைப்பொருளின் பெயர்.

2011-ல் ஒரு எபிசோடில் மூன்று வயதுக் குழந்தை, 'பிரெட்டி வுமன்' படத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த பாலியல் தொழிலாளி கதாபாத்திரத்தின் உடையில் மேடை ஏறியது. இன்னொன்றில் பாடகி டாலி பார்ட்டன் வேடத்துக்காக நாலு வயதுக் குழந்தையின் உடைக்குள் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். அந்த நாலு வயதுக் குழந்தையின் தந்தை, பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு கென்டக்கி நீதிமன்றத்துக்குப் போனார். அம்மா போட்டியில் கலந்துகொள்ள வைத்ததும் அந்த வழக்கில் வாதமானது.

அதே 2011-ல் இன்னொரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. எட்டு வயது மகளுக்கு முகச் சுருக்கம் வராமலிருக்க போடாக்ஸ் ஊசி போடுகிறேன் என்று கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஒரு தாய் டிவியில் சொன்னார். குழந்தைகள் நலத்துறை விசாரணையில் இறங்கியது. பிறகு அதே தாய், பணத்துக்காகச் சொன்ன கட்டுக்கதை அது என்று எழுத்து மூலம் வாக்குமூலம் கொடுத்தார். கதையை முதலில் வெளியிட்ட பிரிட்டன் பத்திரிகை தன் மீதான புகாரை மறுத்தது. இன்றைக்கும் அந்த போடாக்ஸ் செய்தி ஃபார்வர்டாக வருகிறது, பின்னால் நடந்தது மட்டும் வருவதில்லை.

2012-ல் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஆறு வயது அலானா தாம்சன் இந்தத் தொடரில் ஒரே நாளில் ஸ்டார் ஆனாள். அவளுக்குச் செல்லப் பெயர் 'ஹனி பூ பூ'. போட்டிக்கு முன் உற்சாகம் வர அவளுடைய அம்மா ஜூன் ஷானன் கொடுத்தது மவுன்டன் டியூவும் ரெட் புல்லும் கலந்த பானம். அந்த வருடம் ஆகஸ்டிலேயே அவள் குடும்பத்துக்கென்று தனித் தொடர் வந்துவிட்டது. 2014 வரை ஓடியது.

பெத்தவங்க ஏன் இதைச் செய்கிறார்கள்?

ஹிலரி லெவி ஃப்ரீட்மன் என்ற சமூகவியலாளர் இந்தத் தாய்மார்களை நேரில் சந்தித்துப் பேட்டி எடுத்திருக்கிறார். அவருக்கு இதில் சொந்தத் தொடர்பும் உண்டு, அவருடைய அம்மா 1970-ன் மிஸ் அமெரிக்கா. பேட்டிகளில் அவருக்குக் கிடைத்த பதில்களைப் படித்தால் நமக்கு ரொம்பப் பழக்கமானவையாக இருக்கும். மேடை பயம் போகும். தன்னம்பிக்கை வரும். நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசப் பழகும். தோல்வியைத் தாங்கக் கற்றுக்கொள்ளும். வசதி குறைந்த தாய்மார்களுக்கு, தாங்கள் போகாத உயரத்துக்கு மகளைக் கொண்டுபோகும் ஏணி இது.

அபாகஸ் வகுப்பு, பாட்டுப் போட்டி, நீட் கோச்சிங் எதுவாக இருந்தாலும் பெற்றோர் சொல்லும் பதில் இதுதானே? நடுத்தர வர்க்கம் செஸ் கிளாஸுக்குக் கொட்டும் பணத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை, ஜார்ஜியாவின் ஒரு தொழிலாளிக் குடும்பம் பாவாடைக்குச் செலவழித்தால் ஊரே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வர்க்கத் திமிரும் இருக்கிறது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. செஸ்ஸில் தோற்ற பிள்ளை இன்னும் நன்றாக ஆடப் பழகலாம். முக அழகுக்கு மார்க் குறைந்தால் ஆறு வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போய் எதைப் பழகும்?

பெற்றோரின் ஆசை எந்த இடத்தில் எல்லை தாண்டுகிறது என்பதற்கு மனநல மருத்துவத்தில் ஒரு கருத்து உண்டு. பிள்ளையின் வெற்றியைத் தன் வெற்றியாக எண்ணிப் பெருமைப்படுவது எல்லாப் பெற்றோருக்கும் இயல்பு. அந்தப் பெருமைக்காகப் பிள்ளையின் தூக்கம், சாப்பாடு, வலி, அழுகை எல்லாம் இரண்டாம்பட்சமாகும்போது அது திரிந்துவிட்டது என்கிறார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊட்டச்சத்து நிபுணர் மார்ட்டினா கார்ட்ரைட் 2012-ல் எழுதிய கட்டுரையில், கிளிட்ஸ் போட்டிகளில் நேரில் பார்த்ததை வைத்து இந்தக் கருத்தைப் பொருத்திக் காட்டினார். 'பினாமி இளவரசி' என்று அந்தக் கட்டுரையின் தலைப்பைச் சொல்லலாம்.

குழந்தைக்குப் பாதிப்பு உண்டா?

இதைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2005-ல் வந்தது. சிறுவயதில் அழகிப் போட்டியில் கலந்துகொண்ட 11 பெண்களையும் கலந்துகொள்ளாத 11 பெண்களையும் ஒப்பிட்டார்கள். போட்டியில் இருந்தவர்களுக்குத் தன் உடல் மீதான அதிருப்தியும், பிறரை நம்புவதில் தயக்கமும், மனத்தூண்டலைக் கட்டுப்படுத்துவதில் சிரமமும் அதிகமாக இருந்தது. மனச்சோர்விலும் சுயமதிப்பிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 'போட்டிக்குப் போனால் டிப்ரஷன்' என்று இதை வைத்துத் தலைப்புப் போடும் செய்திகளை நம்ப வேண்டாம், 22 பேரை வைத்து அப்படியெல்லாம் சொல்லிவிட முடியாது.

விரிவான எச்சரிக்கை என்றால் அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2007 அறிக்கை. அது போட்டிகளை மட்டும் பேசவில்லை. விளம்பரம், பொம்மை, துணிக்கடை, டிவி என்று எல்லாப் பக்கமும் சிறுமிகளை வயதுக்கு மீறிய பாலியல் கவர்ச்சியோடு காட்டுவது அவர்களின் உடல் பற்றிய எண்ணத்தையும் மனநலத்தையும் பாதிக்கும் என்றது.

பிரான்ஸ் என்ன செய்தது?

பிரான்ஸில் விவாதம் தொடங்கியது ஒரு பத்திரிகையால். 2010 இறுதியில் வெளிவந்த வோக் பாரிஸ் இதழில் ஹை ஹீல்ஸ், முழு மேக்கப், நகை சகிதம் 10 வயதுச் சிறுமியின் படங்கள் வந்தன. சர்ச்சை வெடித்தது. செனட் உறுப்பினர் ஷாந்தால் ஜுவானோவிடம் அரசு அறிக்கை கேட்டது. 2012 மார்ச்சில் வந்த அந்த அறிக்கை சிறுவர் அழகிப் போட்டிகளுக்குத் தடை கேட்டது.

2013 செப்டம்பரில் செனட் சபை, 16 வயதுக்குக் கீழ் அழகிப் போட்டி நடத்தினால் இரண்டு ஆண்டு சிறை, 30 ஆயிரம் யூரோ அபராதம் என்று வாக்களித்தது. 'பிரான்ஸில் குழந்தை அழகிப் போட்டிக்கு சிறை' என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி. ஆனால் இறுதியாக 2014 ஆகஸ்ட் 4 தேதியிட்ட சட்டத்தில் அந்த வேகம் இல்லை. 13 வயதுக்குக் கீழ் தடை, 13 முதல் 16 வரை அரசு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும், மீறினால் அபராதம் என்று முடிந்தது. தண்டனை போட்டி நடத்துபவருக்குத்தான்.

அமெரிக்காவில் நாடு தழுவிய தடை எதுவும் கிடையாது. பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பது பெற்றோரின் உரிமை என்ற எண்ணம் அங்கே ஆழமானது. போட்டி என்பது வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை என்பதால் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குள்ளும் வராது. 2011-ல் டெக்சாஸ் அமைப்பாளர் ஒருவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இதே பாணிப் போட்டியைக் கொண்டுபோனபோது பெற்றோர்களே கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். போட்டி நடந்தே தீர்ந்தது.

சம்பாதித்தால் யாருக்குச் சொந்தம்?

மேடையில் பணம் இல்லை, சரி. கேமரா வந்தால் பணம் வரும். சார்லி சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், பெரியவனானதும் தன் சம்பாத்தியத்தை அம்மாவும் வளர்ப்புத் தந்தையும் செலவழித்துவிட்டதைக் கண்டு வழக்குப் போட்டார். அதன் விளைவாக 1939-ல் கலிஃபோர்னியாவில் வந்ததுதான் 'கூகன் சட்டம்'. இப்போதைய விதிப்படி குழந்தை நட்சத்திரத்தின் வருமானத்தில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். எல்லா மாநிலங்களிலும் இப்படி ஒரு சட்டம் இல்லை.

ஹனி பூ பூவுக்கு என்ன ஆனது? அலானா அக்காவின் பராமரிப்பில் வளர்ந்தார். 2023-ல் நர்சிங் படிக்க கொலராடோ போனார். கல்லூரிச் செலவுக்குப் பார்த்தபோது, இத்தனை வருட டிவி வருமானத்தில் தன் பெயரில் இருந்தது எதிர்பார்த்ததை விட மிகக் குறைவு என்று தெரிந்து அம்மாவோடு மோதியதும் டிவி தொடராகவே ஒளிபரப்பானது.

இப்போது போட்டி நடத்த ஹோட்டல் ஹால் கூடத் தேவையில்லை, போன் போதும். அம்மாக்கள் தங்கள் மகள்களுக்காக நடத்தும் சுமார் 5 ஆயிரம் இன்ஸ்டாகிராம் கணக்குகளை ஆராய்ந்து 2024 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு புலனாய்வு வெளியிட்டது. அந்தச் சிறுமிகளின் படங்களைப் பின்தொடர்ந்தவர்களில் வயது வந்த ஆண்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். அது தெரிந்தும் கணக்கை மூடாத பெற்றோரும் இருந்தார்கள். அதே வருடம் ஜூலையில் இல்லினாய்ஸ் மாநிலத்தில், வீடியோவில் வரும் பிள்ளைக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்கச் சொல்லும் சட்டம் அமலுக்கு வந்தது. பிரான்ஸ் 2020-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது.

இந்தியாவில் குழந்தைகளை வைத்து நடக்கும் டிவி நிகழ்ச்சிகளுக்கும் விதி இருக்கிறது. 2017-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, குழந்தைக் கலைஞர் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, படப்பிடிப்புக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் டெபாசிட் ஆக வேண்டும். 2019 ஜூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும், நடன ரியாலிட்டி ஷோக்களில் சிறுவர்களைப் பெரியவர்களின் கவர்ச்சி அசைவுகளோடு காட்ட வேண்டாம் என்று தனியார் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. உங்கள் பிள்ளையை ஆடிஷனுக்கு அழைத்துப் போகிறீர்கள் என்றால், அந்த அனுமதிக் கடிதத்தையும் டெபாசிட் விவரத்தையும் தயாரிப்பு நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம்.